ஐரோப்பாவில் தங்கிக்கொண்டே ஐரோப்பாவைச் சுற்ற: புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலைக்கோ படிப்புக்கோ வந்திறங்கிய இருபது சொச்சம் வயதுக்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. நான் இருப்பது ஜெர்மனியின் லைப்சிக்கில். அதனால் வீடு, பதிவு, காப்பீடு பற்றிய விதிகள் ஜெர்மன் விதிகள். எல்லை, ரயில், விமானம் பற்றியவை பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. பாரிஸுக்கு டிக்கெட் போடும் அவசரத்தில் இருப்பவர்கள் முதல் நான்கு கேள்விகளையாவது படித்துவிட்டுப் போடுங்கள்.

ரெசிடென்ஸ் பர்மிட் கார்டு இருந்தால் மற்ற நாடுகளுக்குத் தனி விசா வேண்டுமா?

ஷெங்கன் பகுதிக்குள், அதாவது தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட நாடுகளுக்குள், வேண்டாம். ஒரு ஷெங்கன் நாடு கொடுத்த ரெசிடென்ஸ் பர்மிட்டும் நடப்பில் உள்ள பாஸ்போர்ட்டும் இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள் வரை தங்கலாம். இப்போது 29 நாடுகள். குரோஷியா 2023-இல் சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக உள்ளே வந்துவிட்டன. எப்போதோ யாரோ எழுதியதைப் படித்துவிட்டு புகாரெஸ்டுக்கு விசா தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம், ஷெங்கன், யூரோ மூன்றும் ஒன்றுதான் என்று நினைக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐஸ்லாந்தும் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. உங்கள் கார்டு அங்கே செல்லும். அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம் என்றால் டப்ளினுக்கு ஐரிஷ் விசா தனி, லண்டனுக்கு பிரிட்டிஷ் விசா தனி. ஜெர்மன் கார்டைக் காட்டி அங்கே நுழைய முடியாது. விமான கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அந்த 90 நாளை எப்படி எண்ணுவது?

கார்டு கொடுத்த நாட்டில் இருக்கும் நாள்கள் கணக்கில் வராது. மற்ற ஷெங்கன் நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளைப் பார்க்க வேண்டும். மார்ச் 1 முதல் 40 நாள் ஸ்பெயினில், ஜூன் 1 முதல் 40 நாள் இத்தாலியில் இருந்திருந்தால், ஆகஸ்ட் கடைசி வரை உங்களிடம் மிச்சம் 10 நாள்தான். அதன் பிறகு மார்ச் மாத நாள்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து உதிரும்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கனின் வெளி எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுத்து நுழைவைப் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. ரெசிடென்ஸ் பர்மிட் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு. ஆனால் பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டினால் உங்களைச் சுற்றுலாப் பயணி என்று பதிந்துவிட வாய்ப்பு உண்டு. கார்டையும் சேர்த்தே நீட்டுங்கள்.

லிஸ்பனில் இரண்டு மாதம் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். 90 நாள் என்பது போய்த் தங்கிவருவதற்கான அனுமதி. இன்னொரு நாட்டில் இருந்தபடி வேலை பார்த்தால் வேலை அனுமதி, வருமான வரி, சமூகக் காப்பீடு எல்லாம் உள்ளே வரும். கம்பெனியிடம் எழுத்தில் கேட்காமல் செய்ய வேண்டாம்.

எல்லையில் சோதனையே கிடையாதாமே?

1985 ஜூன் 14 அன்று லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே, மோசல் ஆற்றில் நின்ற ஒரு படகில் கையெழுத்தான ஒப்பந்தம் சொன்னது அதைத்தான். நடைமுறையில், நாடுகள் தற்காலிகமாகச் சோதனையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று விதியிலேயே இடம் இருக்கிறது. ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லாத் தரை எல்லைகளிலும் தொடங்கியது. 2025 ஜூலையில் போலந்தும் ஜெர்மனி பக்கம் தொடங்கியது.

பிராகாவிலிருந்து டிரெஸ்டனுக்கு வரும் ரயிலில் ஒரு ஞாயிறு மாலை. எல்பே ஆற்றை ஒட்டிய பாறைகளை ஜன்னல் வழியே படம் பிடித்துக்கொண்டிருந்தோம். பாட் ஷாண்டாவ் ஸ்டேஷனில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். எதிர் சீட்டு இளைஞர் போனில் இருந்த பாஸ்போர்ட் படத்தைக் காட்டினார். மூலம் எங்கே என்று கேட்டார்கள். பெர்லினில், அறையில், பத்திரமாக இருக்கிறது என்றார். பையை எடுத்துக்கொண்டு அவர்களோடு இறங்கினார். ரயில் கிளம்பிவிட்டது. அவர் பாதி குடித்த காபி மட்டும் மேஜையில் எங்களோடு டிரெஸ்டன் வரை வந்தது.

பாஸ்போர்ட், கார்டு, இரண்டும், மூலம். பக்கத்து ஊர்தானே என்ற நினைப்பு வேண்டாம்.

கார்டு காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். ஊர் சுற்றலாமா?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்திருந்தால் ஜெர்மனியில் ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்று ஒரு மடிப்புத் தாள் தருவார்கள். பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுவதற்குள் புதுக் கார்டே வந்துவிடும் என்பது இங்குள்ளவர்களின் பழைய நகைச்சுவை. ஆனால் இப்போதெல்லாம் கார்டு வரும் வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு என்றால் பழைய அனுமதி தொடர்கிறது என்று பொருள். பாஸ்போர்ட், பழைய கார்டு, இந்தத் தாள் மூன்றையும் காட்டி ஜெர்மனிக்குத் திரும்ப வரலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் நாட்டுக்குள் இருக்கலாம், வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப முடியாது. முதல் வகை கையில் இருந்தாலும், வேறொரு நாட்டு விமான நிலைய கவுண்டரில் இருப்பவருக்கு அந்தத் தாள் என்னவென்று தெரிந்திருக்கும் என்று நம்பிக் கிளம்ப மாட்டேன். என் கார்டு புதுப்பிப்பில் இருந்த ஐந்து மாதமும் நான் ஜெர்மனிக்குள்ளேயே சுற்றினேன். ஹார்ஸ் மலையில் நீராவி ரயில், ருய்கன் தீவின் சுண்ணாம்புப் பாறைகள் எல்லாம் அந்தச் சிறைவாசத்தில் கிடைத்தவை.

வந்த முதல் மாதம் என்னென்ன முடிக்க வேண்டும்?

வரிசை முக்கியம். வீடு குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு. அதற்குப் பெயர் அன்மெல்டுங். நீங்கள் குடிபுகுந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அது நடக்காது, வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. பதிவு முடிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். பெரிய நகரங்களில் டெர்மின், அதாவது அப்பாயின்ட்மென்ட், கிடைப்பதுதான் கஷ்டம். காலை அலுவலகம் திறக்கும் நேரத்தில் இணையதளத்தைப் பாருங்கள், ரத்தானவை அப்போது வந்து விழும்.

யாரும் சொல்லித்தராத ஒன்று: வாசல் தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இங்கே முகவரியில் வீட்டுக் கதவு எண் பெரும்பாலும் இருக்காது, தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நான் ஒட்டவில்லை. வரி எண் கடிதம் வந்த வழியே திரும்பிப் போனது. வரி எண் இல்லாததால் முதல் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பில், மிக அதிகமாகப் பிடிக்கும் வகுப்பில், வரி போய்விட்டது. பின்னால் திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் அந்த மாதம் முழுக்க பாஸ்தாவைத்தான் வேகவைத்தேன். ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தால் தீர்ந்திருக்கும்.

பதிவு செய்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். டிவி இல்லையே என்று குப்பையில் போடாதீர்கள். மாதம் 18.36 யூரோ, ஒரு வீட்டுக்கு ஒன்று. நான்கு பேர் பகிரும் வீடு என்றால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டு விலகிக்கொள்ளலாம்.

வீடு தேடுவதில் எங்கே ஏமாறுகிறார்கள்?

நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்புவதில். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் போடுகிறேன்" என்று எவ்வளவு அழகான ஆங்கிலத்தில் வந்தாலும் அது மோசடி. நகர மையத்தில், பால்கனியோடு, சந்தை விலையில் பாதிக்கு வீடு கிடைக்கிறது என்றால் அந்த வீடு இல்லை. முதல் இரண்டு மாதத்துக்குப் பதிவு செய்ய அனுமதிக்கும் தற்காலிக அறை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஊரில் இருந்தபடி தேடுவதே உத்தமம். அறை தருபவரிடம் முதல் கேள்வியாகவே கேளுங்கள்: இங்கே அன்மெல்டுங் செய்யலாமா? மழுப்பினால் வேறு இடம்.

விளம்பரத்தில் இரண்டு வாடகை இருக்கும். குளிர் வாடகை என்றால் வெறும் இடத்துக்கு. சூடு வாடகை என்றால் ஹீட்டிங், தண்ணீர், குப்பை போன்றவை சேர்த்து. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் அதற்கும் வெளியே. சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாதக் குளிர் வாடகையைத் தாண்டக் கூடாது, அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. பலருக்கு இந்தத் தவணை உரிமை தெரியாததால் வந்த கையோடு சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு அதிர்ச்சியும் காத்திருக்கும். பல வீடுகளில் சமையலறை என்ற பெயரில் ஒரு குழாய் முனையும் நான்கு சுவரும்தான். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அல்லது உங்களுக்கு விற்கப் பார்ப்பார்.

சாவி வாங்கும் நாளில் அறை அறையாகப் படம் எடுத்து, தரைக்கீறல் முதல் ஜன்னல் கறை வரை ஒப்படைப்புத் தாளில் எழுதவைத்துக் கையெழுத்து வாங்குங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸ் திரும்புமா என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது. என் முதல் வீட்டுக்காரர் குளியலறை ஓட்டில் இருந்த விரிசலுக்கு முந்நூறு யூரோ பிடிக்கப் பார்த்தார். நான் குடிவந்த அன்று எடுத்த படத்தில், அதே விரிசல் மேல் என் கட்டைவிரல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏன் ஊரே செத்துக் கிடக்கிறது?

கடைகளுக்கு விடுமுறை, சட்டப்படி. பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள் திறந்திருக்கும். சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். ஞாயிறன்றும் இரவு 10 மணிக்கு மேலும் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் போட்டால்கூடப் பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறப்பார். டெபாசிட் உள்ள பாட்டில்களை எறியவே கூடாது: ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட், சூப்பர்மார்க்கெட் மெஷினில் போட்டால் ரசீது வரும். மாதக் கடைசியில் அந்த ரசீது எத்தனை பேருக்கு ரொட்டி வாங்கித் தந்திருக்கிறது என்று நாங்கள் வெளியே சொல்வதில்லை.

குளிர்காலத்தில் மனசு விழுந்துவிடுகிறது. எனக்கு மட்டும்தானா?

இல்லை. குளிர் பழகிவிடும், இருட்டுதான் ஆளை அடிக்கும். டிசம்பர் நடுவில் பெர்லினில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஹெல்சிங்கியில் பகலே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. எனக்கு உதவியது மதிய இடைவேளையில் மேகமானாலும் வெளியே அரை மணி நேர நடையும், வாரம் ஒரே நாளில் ஒரே ஆட்களைப் பார்க்கும் ஏற்பாடும். எனக்கு அது மக்கள் கல்லூரியின் மாலை மொழி வகுப்பு. மொழி மெதுவாகத்தான் வந்தது, ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்கு நான் எங்கே என்று கேட்க ஐந்து பேர் கிடைத்தார்கள். டாக்டரிடம் விட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போனால் அதற்கும் டாக்டர்தான், பயணம் மருந்தாகாது. நவம்பர் மனச்சோர்வுக்கு பார்சிலோனா டிக்கெட் போட்டவர்கள் திங்கள் காலை இன்னும் மோசமாக எழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ரயிலா, பஸ்ஸா, மலிவு விமானமா?

தூரத்தைப் பொறுத்து. முதலில் ஜெர்மனி டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63. நாடு முழுக்க உள்ளூர் பஸ், டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. இது சந்தா. நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். 11-ஆம் தேதி ஞாபகம் வருபவர்கள் ஒரு சங்கமே அமைக்கலாம். எல்லை தாண்டிச் சில ஊர்கள் வரையிலும் இது செல்லும். மியூனிக்கிலிருந்து வட்டார ரயிலில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் போய்வர வேறு டிக்கெட்டே வேண்டாம்.

விரைவு ரயிலில் முன்கூட்டியே எடுக்கும் மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். ஆனால் ஜெர்மன் ரயிலில் 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேருவீர்கள் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், அடுத்த ரயிலில் ஏறலாம். இங்குள்ள ரயில்கள் தாமதமாவதில் காட்டும் தாராளத்தைப் பார்த்தால் இது சின்ன சலுகை இல்லை.

ஃப்ளிக்ஸ்பஸ் மலிவு, முழங்கால் மட்டும் பாவம். எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் நான் ஏறுவதில்லை.

மலிவு விமானத்தில் 19 யூரோ என்பது கதையின் முதல் வரிதான். பையை அளக்கும் கூண்டு ஒன்று இருக்கிறது. சீட்டுக்கு அடியில் போகாத பைக்கு டிக்கெட்டைவிட அதிகம் கேட்பார்கள். இறங்கும் இடத்தையும் பாருங்கள்: பாரிஸ் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், ஃபிராங்க்ஃபர்ட் ஹான் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். பஸ் கட்டணத்தையும் அதிகாலை நாலு மணி டாக்ஸியையும் கூட்டிப் பார்த்தால் ரயில் பல தடவை ஜெயிக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் இன்னொரு கண்ணி: சில மலிவு நிறுவனங்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பாஸ்போர்ட்காரர்கள் பாதுகாப்புச் சோதனைக்கு முன் கவுண்டரில் ஆவணத்தைக் காட்டிச் சரிபார்த்தாக வேண்டும் என்று வைத்திருக்கின்றன. போர்டிங் பாஸ் போனில் இருக்கிறதே என்று நேராக கேட்டுக்குப் போனால் அங்கிருந்து திருப்பி அனுப்புவார்கள்.

இன்டர்ரெயில், யூரெயில் இரண்டில் எது?

இரண்டும் பல நாட்டு ரயில்களில் செல்லும் பாஸ்கள். ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது கேள்வி இல்லை, குடியிருப்பு எங்கே என்பதே கேள்வி. உங்கள் கார்டு அதற்குச் சான்று. 27 வயது வரை இளைஞர் கட்டணம் உண்டு. குடியிருக்கும் நாட்டுக்குள் மட்டும் கட்டுப்பாடு: வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள்.

பாஸ் இருந்தால் எல்லா ரயிலிலும் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். பிரான்சின் டிஜிவி, ஸ்பெயின், இத்தாலியின் அதிவேக ரயில்களுக்கு சீட் முன்பதிவும் தனிக் காசும் கட்டாயம். பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்கள் கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெனலக்ஸ் (பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க்) பக்கம் பெரும்பாலும் நேராக ஏறிவிடலாம். இரண்டு ஊர் மட்டும் போவதென்றால் தனித்தனி டிக்கெட்டே மலிவு.

இரவு ரயில் நன்றாக இருக்குமா?

ஒருமுறையாவது போங்கள். ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் வியன்னாவிலிருந்து வெனிஸுக்குப் போகிறது. உட்காரும் சீட், படுக்கை அடுக்கு, தனி அறை என்று மூன்று தரம். சீட்டில் மட்டும் போகாதீர்கள். மிச்சம் பிடித்த காசை மறுநாள் தூங்கிக் கழிப்பீர்கள். ஆறு பேர் அடுக்கில் மேல் படுக்கை எடுப்பது என் வழக்கம், ஏணி ஏறினால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். காலையில் பணியாளர் கதவைத் தட்டி இரண்டு ரொட்டியும் வெண்ணெயும் ஜாமும் காபியும் நீட்டுவார். அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால் இரண்டு பக்கமும் தண்ணீர். நிலத்திலிருந்து வெனிஸ் தீவுக்குப் போகும் நீளமான பாலத்தில் ரயில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

ரயிலோ விமானமோ தாமதமானால் காசு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டால்தான். விமானத்துக்கு 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் எண் ஐரோப்பிய விதி. சேருமிடத்துக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம் என்றால் தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ. ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானமானாலும் சரி, உங்கள் பாஸ்போர்ட் எதுவானாலும் சரி. புயல் போன்ற கைமீறிய காரணம் என்றால் இழப்பீடு இல்லை, ஆனால் சாப்பாடும் இரவு தங்க ஹோட்டலும் அப்போதும் தர வேண்டும். கூப்பன் நீட்டினால் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். நிறுவனத்தின் இணையப் படிவத்தில் நீங்களே கேளுங்கள், கமிஷன் எடுக்கும் இடைத்தரகர்கள் முதல் கட்டத்தில் தேவையில்லை.

ரயிலுக்கு 60 நிமிடத் தாமதம் என்றால் டிக்கெட்டில் 25 சதவீதம், 120 நிமிடம் என்றால் 50 சதவீதம்.

வேறு நாட்டில் உடம்புக்கு முடியாமல் போனால்?

பொது மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் உங்கள் காப்பீட்டுக் கார்டின் பின்பக்கமே ஐரோப்பியக் காப்பீட்டு அட்டை. ஒன்றிய நாடுகளில் அவசரச் சிகிச்சைக்கு உள்ளூர்வாசிக்கு உள்ள அதே விதியில் பார்ப்பார்கள். ஆனால், இதைப் பலரும் படிப்பதில்லை, ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்த அட்டை டென்மார்க், ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், நார்வே, சுவிட்சர்லாந்து ஐந்திலும் செல்லாது. சுவிஸ் மலையில் கால் முறிந்தால் பில் உங்கள் பெயருக்குத்தான் வரும். தனியாக ஒரு வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுங்கள். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்குவதும் அதில் அடங்குமா என்று பாருங்கள். ஒன்றியம் முழுக்க அவசர எண் 112.

போன், பணம்?

2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் காசு இல்லை. சுவிட்சர்லாந்து அதில் சேராது. கான்ஸ்டன்ஸ் மாதிரி எல்லை ஊரில் ஜெர்மன் பக்கம் நின்றாலே போன் சுவிஸ் டவரைப் பிடித்துக்கொள்ளும். டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

ஏடிஎம்மோ கடை மெஷினோ "உங்கள் யூரோவிலேயே கணக்கிடட்டுமா" என்று அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். எப்போதும் உள்ளூர் நாணயம். மெஷின் சொல்லும் மாற்று விகிதத்தில்தான் அவர்களுக்கு லாபம். போலந்தில் ஸ்வாட்டி, செக்கில் கொருணா, ஹங்கேரியில் ஃபோரிண்ட் என்பது ஞாபகம் இருக்கட்டும். பல்கேரியா 2026 ஜனவரியில் யூரோவுக்கு மாறிவிட்டது. ஸ்வீடனில் ரொக்கத்தைப் பார்த்தாலே முழிப்பார்கள். ஜெர்மனியிலோ சில சாப்பாட்டுக் கடைகளில் இன்னும் கார்டைப் பார்த்து முழிப்பார்கள்.

26 வயதுக்குக் கீழே இருந்தால் என்ன சலுகை?

லூவ்ர் உட்பட பிரான்சின் தேசிய அருங்காட்சியகங்கள் 26 வயதுக்குட்பட்ட ஐரோப்பிய ஒன்றியக் குடியிருப்பாளர்களுக்கு இலவசம். குடியுரிமை வேண்டாம், ரெசிடென்ஸ் பர்மிட் போதும். ஆனாலும் நேரத்தை முன்பதிவு செய்யுங்கள். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் உள்ள 2 யூரோ இளைஞர் டிக்கெட் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே எல்லோருக்கும் இலவசம், கூட்டமும் அதற்கேற்ப. மாணவர் என்றால் மாட்ரிடின் பிராடோ 25 வயது வரை எந்த நாட்டவருக்கும் இலவசம்.

டிக்கெட் இருந்தும் அபராதம் போட்டார்கள். ஏன்?

முத்திரை குத்தவில்லை. இத்தாலியில் காகித வட்டார ரயில் டிக்கெட்டை ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள மெஷினில் குத்த வேண்டும். பெர்லின் மெட்ரோவிலும் அப்படித்தான், தவறினால் 60 யூரோ. பரிசோதகர்கள் சாதாரண உடையில் இருப்பார்கள், "எனக்குத் தெரியாது" என்ற வாக்கியத்தைப் பத்து மொழியில் கேட்டவர்கள். லக்ஸம்பர்கில் மட்டும் இந்தக் கவலை இல்லை: 2020 மார்ச் முதல் அங்கே பொதுப் போக்குவரத்து எல்லோருக்கும் இலவசம், ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு.

அதிக நாள் வெளியே சுற்றினால் கார்டு பறிபோகுமா?

ஜெர்மனிக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் சாதாரண ரெசிடென்ஸ் பர்மிட் தானாகவே காலாவதியாகும். உயர்தகுதி வேலைக்காரர்களுக்குத் தரும் புளூ கார்டுக்கு 12 மாதம். வேலையை விட்டுவிட்டு நீண்ட பயணம் போக நினைப்பவர்கள், அந்த வேலையை நம்பித்தான் கார்டே இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நிரந்தரக் குடியிருப்பு வாங்கியபின் போவது நல்லது. புளூ கார்டில் ஏ1 (தொடக்க நிலை) ஜெர்மன் மொழித் தேர்ச்சியோடு 27 மாதத்திலும், பி1 (இடைநிலை) தேர்ச்சியோடு 21 மாதத்திலும் அது கிடைக்கும்.

முதல் பயணம் எங்கே போகலாம்?

பாரிஸ், ரோம், ஆம்ஸ்டர்டாம் என்று மூன்று நாளில் மூன்று தலைநகரம் போட்டு அனுப்புகிறார்கள். போய்வந்தவர்களிடம் கேட்டால் ரயில் நிலைய லாக்கர்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இங்கேயே குடியிருப்பதால் நமக்கு ஒரு வசதி: சுற்றுலா வந்தவரைப் போல எல்லாவற்றையும் பத்து நாளில் முடிக்கத் தேவையில்லை. பக்கத்து எல்லையிலிருந்து தொடங்குங்கள். பிரான்ஸ் எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜெர்மனியின் கேல் ஊரிலிருந்து ரைன் நதியைத் தாண்டி ஸ்ட்ராஸ்பர்குக்கு டிராமே போகிறது.

லைப்சிக்கிலிருந்து என் தேர்வு கோர்லிட்ஸ். ஜெர்மனி டிக்கெட்டில் டிரெஸ்டனில் மாறி, சுமார் மூன்று மணி நேரம். 1945-இல் நைசே ஆறு எல்லையானதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது, கிழக்குக் கரை போலந்தின் ஸ்கொசெலெட்ஸ் ஆனது. போர் முடிந்த நாள்களில் வெடிவைத்துத் தகர்த்த பழைய நகரப் பாலத்தின் இடத்தில் 2004-இல்தான் புதுப் பாலம் வந்தது, நடப்பவர்களுக்கு மட்டும். பேதுரு தேவாலயத்துக்குக் கீழே இறங்கி, மெதுவாக நடந்தால் இரண்டு நிமிடத்தில் வேறு நாடு. நடுவில் போன் ஒருமுறை அதிரும், போலந்து வரவேற்கிறது என்று. அக்கரையில் ஒரு திண்ணை மாதிரி இடம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து, ஸ்வாட்டியில் வாங்கிய சூப்பைக் குடித்தபடி, கொஞ்சம் முன்பு நாம் நின்றிருந்த நாட்டைப் பார்க்கலாம். மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு அடிப்படையான 15-ஆம் தீர்க்கரேகை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது, பூங்காவில் அதற்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள்.

நேரத்துக்கே எல்லைக்கல் நட்ட ஊர் அது. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் போய், டிரெஸ்டன் ஸ்டேஷன் பெஞ்சில் விடியும் வரை உட்கார்ந்தவன் நான். பார்த்துவைத்துக்கொண்டு போங்கள்.